பொம்மைக் கூரைக்கு ஆயிரம் ஓடு

டன்ஹாம் ஃபால்ஸ், ஒஹாயோ
மே 4, 1986

அன்புத் தம்பி ஆல்டனுக்கு,

அக்கா லெனோரா எழுதுவது. நான் சௌக்கியம், பூனையும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மேவிஸின் இருமல் எப்படி இருக்கிறது என்று தனித்தனியாக எழுது. போனில் கேட்டால் "ம்" என்று சொல்லிவிட்டு உன் பெண்டாட்டி கையில் கொடுத்துவிடுகிறாய். தாளில் வெறும் "ம்" எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும் என்றுதான் கடிதம் போடுகிறேன்.

ஸ்கூல் பஸ் ஓட்டுவதை விட்ட பிறகு நான் பொம்மை வீடு கட்டுகிறேன் என்று மேவிஸ் சொல்லியிருப்பாள். சிரித்து முடித்துவிட்டாயா? சரி. எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று புது அறை கட்டுகிறார்கள், அதில் வைக்கத்தான் இந்த வீடு. அக்டோபர் நாலாம் தேதி திறப்பு. இரண்டு மாடி, பதினோரு ஜன்னல், கதவெல்லாம் திறந்து மூடும். எல்லாம் என் கை வேலை. கூரையில்தான் மண்ணைக் கவ்வினேன்.

கூரைக்கு நிஜத் தேவதாரு மர ஓடு வாங்கினேன். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். எண்ணூறு ஓடுகளை வெள்ளைப் பசை வைத்து வரிசை வரிசையாக ஒட்டி முடித்துவிட்டு, அதற்கப்புறம் சாம்பல் சாயத்தைத் தூரிகையால் பூசினேன். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறவே இல்லை. ஈரம் பட்ட ஓடெல்லாம் ஓரம் சுருண்டு நிற்கிறது. தேமல் விழுந்த முதுகு மாதிரி இருக்கிறது என் கூரை. முப்பத்தைந்து வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் மர ஓடு வேய்ந்தவன் நீ. என்ன செய்யலாம், சொல்.

இன்னொன்று. நவம்பரில் போதகர் வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தாய். மார்ச்சிலேயே டாக்டர், கால் கூடிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்றார். இப்போது மே. கூரை ஏறுகிறாயா இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் போடு.

உன் அக்கா
லெனோரா


பெல் கோவ், மெய்ன்
மே 19

அன்பு அக்கா,

இரண்டு பேரும் இருக்கிறோம். மேவிஸின் இருமல் போய்விட்டது. முழங்கால், முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கறுப்பு ஈ வந்துவிட்டது. வாயைத் திறந்தால் நாலு உள்ளே போகிறது, அதனால் ஊரில் பேச்சு குறைந்து நிம்மதியாக இருக்கிறது. நீயும் பூனையும் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

உன் கடிதத்தை மேவிஸுக்கு உரக்க வாசித்தேன். தேமல் வந்த இடத்தில் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தேன். ஒட்டிவிட்டுச் சாயம் பூசினாளாம்! சட்டையைப் போட்டுக்கொண்டே துவைக்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். பசை மரத்தின் கண்ணை அடைத்துவிடும், அப்புறம் சாயம் எங்கே போய் இறங்கும்? ஒவ்வொரு ஓட்டையும் முதலில் சாயத்தில் முக்கு. முன்புறம், பின்புறம், ஓரம் எல்லாம் நனையட்டும். ஒரு பலகைக்கு அடியில் அழுத்திக் காயவை, சுருளாது. தண்ணீர் கலக்காத பசையாக வாங்கு. கீழே இறவாணத்தில், அதாவது கூரையின் கீழ் விளிம்பில் தொடங்கி மேலே ஒட்டிக்கொண்டு போ. இப்போது ஒட்டியிருப்பதை எல்லாம் பிய்த்தெறி. வேறு வழி கிடையாது.

ஆனால் ஒன்று கேட்கிறேன், தேவதாருவுக்கு எதற்குச் சாயம்? நான் வேய்ந்த ஒரு கூரைக்கும் சாயம் பூசியதில்லை. உப்புக்காற்றும் வெயிலும் படப்பட அதுவாகவே வெள்ளிச் சாம்பலாகிவிடும். பெல் கோவ் சாம்பலை எந்த டப்பாவிலும் அடைக்க முடியாது. ஒஹாயோவில் கடல் இல்லாததற்கு நான் பொறுப்பில்லை.

மேவிஸ் அன்பைச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி
ஆல்டன்


டன்ஹாம் ஃபால்ஸ்
மே 28

தம்பி ஆல்டனுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, கைதான் புண். எண்ணூறு ஓடுகளையும் பட்டி பார்க்கும் தகட்டால் பெயர்த்தேன். இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் உன்னைத் திட்டிக்கொண்டே பெயர்த்தேன், வேலை வேகமாக ஓடியது.

நான் கேட்டது இரண்டு கேள்வி. ஓடுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவனுக்கு இன்னும் ஒரு வார்த்தை எழுத மை தீர்ந்துவிட்டதா?

எங்கள் பொம்மை வீட்டுச் சங்கத்தில் ட்வைலா என்று ஒருத்தி. "பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை வினிகர்ல நாலு நாள் ஊறப் போடு. அந்தத் தண்ணியில ஓடுகள முக்கி எடுத்தா, கண்ணு முன்னாடியே கிழடு தட்டிடும்" என்றாள். என்னையே முக்கினால் என்ன ஆகும் என்று கேட்டேன். "உனக்கு எதுக்கு? ஏற்கெனவே முக்கி எடுத்த மாதிரிதானே இருக்கே" என்றாள். இந்த ஊரில் இப்படிப்பட்டவர்களோடுதான் காலம் தள்ளுகிறேன்.

ஆனால் நீ இவ்வளவு பேசிவிட்டாய். ஆயிரம் ஓடு புதிதாக வாங்கி இதோடு பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். வாய் இருக்கிறது, கடல் இருக்கிறது, செய்து காட்டு. செப்டம்பர் நடுவில் எனக்கு ஓடு கைக்கு வர வேண்டும்.

இரண்டாவது கேள்வி அப்படியே இருக்கிறது. மேவிஸுக்கு என் அன்பு.

லெனோரா


பெல் கோவ்
ஜூன் 16

அன்பு அக்கா,

பெட்டி வந்தது. நலமாக இருக்கிறோம். தோட்டத்தில் பட்டாணி முழங்கால் உயரம், நல்ல முழங்கால்.

பழைய ஜன்னல் கொசுவலைச் சட்டம் இரண்டு எடுத்தேன். ஒன்றின் மேல் உன் ஓடுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, இன்னொன்றை மேலே மூடி, நாலு பக்கமும் மீன் வலைக் கயிற்றால் கட்டினேன். ஒரு காலை முழுக்க ஆயிற்று. மேவிஸ் வந்து பார்த்துவிட்டு, "அறுபது வயசுல சீட்டாட்டமா?" என்றாள். இப்போது சட்டம் படகுக் கொட்டகைக் கூரை மேல், தெற்கு பார்த்து இருக்கிறது. மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

தேவாலயக் காரியமெல்லாம் பார்க்கும் டீக்கன் பர்செல் வந்திருந்தான். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் விடையைப் பார்த்து எழுதுவானே, அவன்தான். அவன் பெண்டாட்டி செய்த இனிப்புப் பலகாரத்தோடு வந்தான். கையில் பலகாரம் இருந்தால் ஏதோ வேலை சொல்லப் போகிறான் என்று அர்த்தம்.

"கோயில் வடக்குச் சரிவு ஒழுகுதுப்பா. பாட்டுக் குழுவுல ரெண்டு பேரு குடை பிடிச்சிக்கிட்டுப் பாடறாங்க."

"நல்லா பாடறாங்களா?"

"அத விடு. பனி வர்றதுக்குள்ள நீ வேஞ்சு குடுப்பியா, மாட்டியா?"

"பலகாரம் நல்லா இருக்கு, ஆனா சக்கரை கம்மி" என்றேன். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இங்கே மத்தியானம் நல்ல வெயில். உன் ஓட்டுக்கு நல்லது.

ஆல்டன்


பெல் கோவ்
ஜூன் 30

அன்பு லெனோரா அண்ணிக்கு,

மேவிஸ் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் நலம். அவருக்குத் தெரியாமல் தபால் நிலையத்தில் நின்றுகொண்டே எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கொட்டகைக் கூரையில் ஏறவில்லை அண்ணி. படகைக் கரைக்கு இழுக்கும் கொக்கிக் கம்பால் சட்டத்தைத் தரையிலிருந்தே மேலே தள்ளிவிட்டார். மூன்று தடவை கீழே விழுந்தது, மூன்று தடவையும் ஓடு பொறுக்கினோம். பக்கத்திலேயே ஏணி சாத்தியிருந்தது.

காலில் ஒன்றும் இல்லை. மலைப்பாதையில் ஐந்து மைல் நடக்கிறார். ஏணியில் இரண்டாம் படிக்கு மேல் கால் போகவில்லை. போன வாரம் சமையலறை பல்பு மாற்ற முக்காலியில் ஏறினார், சட்டையெல்லாம் வேர்வை. நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கேட்டால் "இப்ப என்ன அவசரம்" என்கிறார்.

டீக்கன் செப்டம்பர் பதினைந்து வரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்குள் இவர் சரி என்று சொல்லாவிட்டால் வெளியூர்க்காரர்களை வைத்து, மர ஓட்டுக்குப் பதிலாகத் தார் பூசிய அட்டை அடித்துவிடுவார்களாம். கோயில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. வேறு யாரோ அந்தக் கூரையில் நிற்பதை இவர் இந்த ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தாரானால், அப்புறம் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

மேவிஸ்


டன்ஹாம் ஃபால்ஸ்
ஜூலை 8

தம்பி ஆல்டனுக்கு,

நலம். இந்தக் கடிதத்தில் நான் எந்தக் கேள்வியும் கேட்கப் போவதில்லை. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

ஒருவேளை உன் கடல் காலை வாரிவிட்டால்? அதனால் இன்னொரு ஆயிரம் ஓடு வாங்கி, ட்வைலா சொன்னதையும் செய்து பார்க்கிறேன். வினிகரில் இரும்பு நாரைப் போட்டு, நாறுகிறதே என்று மூடியை இறுக்கி மூடினேன். மூன்றாம் நாள் மூடி பறந்துபோய்ச் சமையலறைக் கூரையில் அடித்தது. பூனை இரண்டு நாளாகக் கட்டிலுக்கு அடியில். "மூடியைத் தளர்த்தி வைக்கணும்னு சொல்லலியா?" என்கிறாள் ட்வைலா. சொல்லவில்லை!

எனக்கு ஒரு உதவி செய். சட்டத்தின் நடுவிலிருந்து பத்து ஓடு எடுத்து உறையில் போட்டு அனுப்பு. ஓரத்து ஓடு வேண்டாம், நடு ஓடுதான் நிஜ நிறம் காட்டும். சட்டத்தைக் கீழே இறக்காதே, குலுங்கினால் எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். மேலேயே அவிழ்த்து எடு. இரண்டு நிமிஷ வேலை.

மேவிஸுக்கு அன்பு.

லெனோரா


பெல் கோவ்
ஆகஸ்ட் 2

அக்கா,

நலம். மூடுபனி ஒரு வாரமாக. ஓடு இன்னும் தயாராகவில்லை, தேவதாருவை அவசரப்படுத்த முடியாது. பட்டாணி முடிந்துவிட்டது.

ஆல்டன்


டன்ஹாம் ஃபால்ஸ்
ஆகஸ்ட் 14

என் அன்புத் தம்பி ஆல்டனுக்கு,

நீ நன்றாக இல்லை. நன்றாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை, சொல்கிறேன். எப்படித் தெரியும் என்று கேட்காதே. ஒரே கேள்வியை மூன்று கடிதமாகத் தாண்டித் தாண்டிப் போகிறவனைப் புரிந்துகொள்ள நான் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. எழுபத்திரண்டாம் வருஷம் ஜனவரியில், ஓடைப் பாலத்தின் மேல் என் பஸ் பனிக்கட்டியில் வழுக்கியது. உள்ளே பதினாலு பிள்ளைகள். வண்டி அரைவட்டம் சுற்றி, கைப்பிடிச் சுவரைத் தொட்டு நின்றது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. பின் சீட்டில் ஒருவன் "இன்னொரு தடவை!" என்று கத்தினான். அதற்கப்புறம் நான் அந்தப் பாலத்தில் ஏறவில்லை. ஆறு மைல் சுற்றிப் போனேன், இரண்டு வருஷம். பாலம் பழசு, பாரம் தாங்காது என்று ஊரெல்லாம் சொன்னேன். நகராட்சிக்கு மனுக்கூடப் போட்டேன். பாலம் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் பயம். பிள்ளைகள் தினமும் இருபது நிமிஷம் முன்னதாக எழுந்தார்கள், என்னால். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்து ஓடு கேட்டது நிறம் பார்க்க அல்ல. உன்னை ஏணியில் ஏற்றத்தான். அக்காவாக இருந்துகொண்டு தம்பியிடம் தந்திரம் செய்தேன், தப்பு.

எனக்கு உன் ஓடு வேண்டாம் ஆல்டன். வினிகரில் முக்கிய ஆயிரமும் காய்ந்துவிட்டன. நல்ல சாம்பல், ஒன்றுகூடச் சுருளவில்லை. என் கூரை நீ இல்லாமலே முடியும். அதனால் எனக்காக நீ எங்கும் ஏற வேண்டாம். கொட்டகையில் இருப்பது அங்கேயே கிடக்கட்டும். ஏறுவதானால் உனக்காக ஏறு. முடியாவிட்டால் முடியாது என்று வாயைத் திறந்து சொல், ஜன்னலில் உட்கார்ந்து வானிலை பேசிக்கொண்டிருக்காதே.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

உன் அக்கா
லெனோரா


பெல் கோவ்
செப்டம்பர் 9

அன்பு அக்கா,

மேவிஸும் நானும் நலம். நீயும் அப்படியே என்று நம்புகிறேன். மேவிஸ் உனக்கு எழுதியது ஜூலையிலேயே எனக்குத் தெரியும். மேசையில் தபால்தலை ஒன்று குறைந்தது. எண்ணுவது என் தொழில்.

உன் கடிதத்தை எட்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் போன மாதக் கடைசியில் ஒரு காற்று அடித்தது. காலையில் பார்த்தால் சட்டத்தின் ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து, மேல்வலை படகுப் பாய் மாதிரி படபடக்கிறது. கடற்புறா இரண்டு உள்ளே தலையை விட்டுக் கிளறுகிறது. உன் ஓடுகள் ஒவ்வொன்றாகக் கொட்டகையிலிருந்து கடலில் விழுகின்றன. நீ வேண்டாம் என்று சொன்ன ஓடுதான். கொக்கிக் கம்பு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் ஏணியை எடுத்தேன்.

மேவிஸ் வந்து கீழே பிடித்துக்கொண்டாள். இறங்கச் சொல்லுவாள் என்று நினைத்தேன். மூன்றாம் படியில் நின்று கீழே பார்த்தேன்.

"மேல பாருங்க. என் உச்சந்தலையப் பாக்காதீங்க, நரையெல்லாம் தெரியுது" என்றாள்.

"கை வழுக்குது, மேவிஸ்."

"தொடச்சிக்குங்க. எனக்கு அடுப்புல பீன்ஸ் இருக்கு, ஆனா அவசரமில்ல."

ஐந்தாம் படியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பீன்ஸ் கருகிவிட்டது. அவள் ஏணியை விடவில்லை.

பயம்தான் அக்கா. விழுந்தபோது பெரிதாக வலிக்கவில்லை. விழும்போது கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை பார், அதுதான். முப்பத்தைந்து வருஷம் கையை நீட்டினால் ஏதாவது ஒன்று கிடைத்துக்கொண்டே இருந்தது.

மேலே போய் உட்கார்ந்தேன். ஆயிரத்தில் முன்னூற்று நாற்பது மிச்சம். நிறத்தைக் கேட்காதே. வெள்ளியும் இல்லை, சாம்பலும் இல்லை. மேல்பக்கம் வெளுத்த தேநீர், அடிப்பக்கம் நீ அனுப்பியபடியே. நிஜக் கூரையே சாம்பலாக மூன்று வருஷம் ஆகும், ஒரு கோடைகாலம் எந்த மூலைக்கு? அது எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தேதான் பரப்பினேன். மரம் மெதுவாகத்தான் மாறும் என்று சொல்லிக்கொண்டிருந்தால், அதுவரை என்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. உன் அக்டோபரை அதில் பணயம் வைத்தேன். மன்னித்துக்கொள்.

கொட்டகை ஒன்பதடி. கோயில் முப்பது. டீக்கனிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

மிச்ச ஓடுகளை அனுப்பியிருக்கிறேன். அடுப்பெரிக்கவாவது ஆகும்.

உன் தம்பி
ஆல்டன்


டன்ஹாம் ஃபால்ஸ்
அக்டோபர் 5

அன்புத் தம்பிக்கு,

நான் நலம், இடுப்பு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. நேற்று நூலக அறையைத் திறந்தார்கள்.

உன் முன்னூற்று நாற்பதை எரிப்பேனா? கழுவி, வினிகர் தண்ணீரில் முக்கினேன். வெயில் குடித்த மரம் வேறு மாதிரி சாயம் பிடித்தது. சிலது கருக்கல், சிலது ஈயம், சிலது பழுப்பு ஓடிய சாம்பல். என்னுடையதெல்லாம் ஒரே மாதிரி, சீருடை போட்ட பிள்ளைகள் போல. இரண்டையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலந்து, கைக்கு வந்ததை எடுத்து எடுத்து ஒட்டினேன். மூன்று ஓட்டில் கடற்புறா எச்சம் போகவே இல்லை. அதைப் புகைபோக்கிக்குப் பின்னால் வைத்துவிட்டேன், ட்வைலா கண்ணில் படாமல்.

நேற்று நாலு வயசுப் பெண் ஒருத்தி கூரை மேல் கையை வைத்துத் தடவிவிட்டு, "இந்த வீட்டுல நிறைய மழை பேஞ்சிருக்கு" என்றாள். ட்வைலா என்னைப் பார்த்தாள். நான் மூக்கைச் சிந்தினேன். சளி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் பதினைந்து போய் இருபது நாள் ஆகிவிட்டது. உன்னிடமிருந்தும் மேவிஸிடமிருந்தும் ஒரு வரி இல்லை. எதிரே தார் அட்டைக்காரர்கள் வந்து நின்றிருந்தாலும் பரவாயில்லை, எழுது. கூரை ஏறினாலும் ஏறாவிட்டாலும் நீ என் தம்பி. இதைச் சொல்லாமல் ஐந்து மாதம் உன்னை மிரட்டிக்கொண்டிருந்தேனே என்று மனசு உறுத்துகிறது.

லெனோரா


பெல் கோவ் கோயில், வடக்குச் சரிவு
அக்டோபர் 13

அக்கா,

நலம். நீ நலமா? கையில் தாள் இல்லை. அதனால் மர ஓட்டிலேயே, தச்சுப் பென்சிலால் எழுதுகிறேன். தபால்காரன் கத்தினால் கத்தட்டும். காற்று பலம், கோணலாக இருந்தால் பொறு.

செப்டம்பர் பதினாலாம் தேதி சாயங்காலம் டீக்கனிடம் போய், "பயமா இருக்குப்பா" என்றேன். அதைச் சொல்லத்தான் இத்தனை மாதம்.

"முழுசாவா, பாதியா?" என்றான்.

"முகட்டுல முழுசா. கீழே பாதி."

"அப்ப கீழேருந்து ஆரம்பி. ஓடு அப்படித்தானே வேய்வாங்க?"

இடுப்பில் கயிறு. மறுமுனை மணிக்கூண்டு உத்தரத்தில். முதல் நாள் இரண்டு வரிசை, இறங்கிப்போய்ச் செடிக்குப் பின்னால் வாந்தி. இரண்டாம் நாள் மூன்று வரிசை, வாந்தி இல்லை. நடுவில் நாலு நாள் ஏறவே இல்லை. நிச்சயம் தெரியாமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. இன்று முகட்டுக்கு ஆறு வரிசை பாக்கி. ஒவ்வொரு ஓட்டுக்கும் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆணி அடிக்கிறேன். எங்கள் வீட்டு ஜன்னல் இங்கிருந்து தெரிகிறது, நாற்காலி காலி.

மேவிஸ் கீழே சாப்பாட்டோடு நின்று கத்துகிறாள். ஓட்டில் இடம் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் இன்னும் பதினைந்து கட்டு இருக்கிறது, ஆனால் அதெல்லாம் கூரைக்கு வேண்டும்.

ஆல்டன்